பயணத்தில் குழந்தைக்கு ஐந்தே நிமிடத்தில் கஞ்சி

வெளியூர் போகும்போது கஞ்சியைக் காய்ச்சி டப்பாவில் அடைக்காதீர்கள். அவல் பொடியையும் பிளாஸ்க்கில் கொதித்த வெந்நீரையும் தனித்தனியாக எடுத்துப் போங்கள். பசிக்கும்போது கலந்தால் போதும்.

1 கப் மெல்லிய அவலைச் சிறுதீயில் மொறுமொறுப்பாக வறுத்து, கால் கப் பொட்டுக்கடலை சேர்த்து நைஸாக அரைத்துச் சலியுங்கள். நன்றாக ஆறிய பிறகே டப்பாவில் போடவும். சூட்டோடு மூடினால் வியர்த்து பூசணம் பிடிக்கும். 2 மேசைக்கரண்டி பொடியை முதலில் சிறிது ஆறிய நீரில் கரைத்து, பிறகு அரை கப் வெந்நீர் ஊற்றினால் கட்டி தட்டாது. மூடி வைத்து, இளஞ்சூடானதும் அரை டீஸ்பூன் நெய் விட்டு ஊட்டலாம்.

அவல் ஏற்கெனவே வெந்த நெல்லில் இடித்தது, பொட்டுக்கடலையும் வறுபட்டது. அதனால் வெந்நீரே போதும். காய்ச்சிய கஞ்சியோ வெயில் நாளில் 2 மணி நேரத்துக்கு மேல் தாங்காது.

பச்சரிசி மாவு, கேழ்வரகு மாவு, சத்துமாவுக்கு இது சரிவராது. அவை அடுப்பில் கொதித்தே வேக வேண்டும். 6 மாதம் முடியாத குழந்தைக்கு வேண்டாம். புது உணவென்றால் முதலில் வீட்டில் கொடுத்துப் பாருங்கள், பஸ்ஸில் அல்ல. பிளாஸ்க் தண்ணீர் ஆறிவிட்டால் டீக்கடையில் தளதளவெனக் கொதிக்கும் நீரைக் கேட்டு வாங்குங்கள். ஒரு வயதுக்குள் தேன் கூடவே கூடாது, இனிப்புக்கு மசித்த வாழைப்பழம் இருக்கிறது. எச்சில்பட்ட மிச்சத்தை அடுத்த வேளைக்கு வைக்காதீர்கள்.