லைனில் கை நடுங்காமலிருக்க: இளம் கூடைப்பந்து ஆட்டக்காரர்களுக்கான தயாரிப்பு

முதல் வேலை, ஒரு டேப்பை எடுத்துக்கொண்டு போய் உங்கள் பள்ளி மைதானத்து ரிங்கை அளப்பது. தரையிலிருந்து ரிங்கின் மேல்விளிம்பு வரை 3.05 மீட்டர் இருக்க வேண்டும். பையன்கள் வருடக்கணக்காகத் தொங்கித் தொங்கி முன்பக்கம் சரிந்துபோன ரிங்குகள் நம் ஊர்ப் பக்கம் நிறைய உண்டு. அடுத்து ஃப்ரீ த்ரோ லைன்: எதிரணி விதிமீறினால் (ஃபவுல்), யாரும் தடுக்காமல் பந்தைப் போடக் கிடைக்கிற வாய்ப்புக்கு நிற்கும் கோடு. ரிங் பொருத்திய போர்டின் முகப்பிலிருந்து ஒரு கயிற்றில் கல்லைக் கட்டித் தொங்கவிட்டு, அது தரையைத் தொடும் இடத்திலிருந்து 4.60 மீட்டர் அளந்து பாருங்கள். பெயிண்ட் அழிந்தபின் யாரோ குத்துமதிப்பாக இழுத்த கோடு ஒரு சாண் முன்னாலோ பின்னாலோ இருக்கலாம்.

மனத்தயாரிப்பைப் பற்றிச் சொல்ல வந்துவிட்டு டேப்பில் ஆரம்பிப்பதற்குக் காரணம் இருக்கிறது. சரிந்த ரிங்கில் ஆறு மாதம் போட்டுப் பழகிய கை, கோவை வ.உ.சி. பூங்கா பக்கத்து மாநகராட்சி கூடைப்பந்து மைதானத்தில் சரியான உயரத்துக்குப் போடும்போது பந்து முன்விளிம்பில் இடித்துத் திரும்பும். "பையன் பயந்துட்டான், மனசு பத்தல" என்று பேச்சு வரும். அவன் பயப்படவே இல்லை. அளவு தப்பாகப் பழகியிருக்கிறான். மன உறுதி என்று நாம் பேசுவதில் பெரும்பகுதி, ஆட்டத்துக்கு முன்பே செய்து முடித்திருக்க வேண்டிய சின்னச் சின்ன வேலைகள்தான். ரிங் சரிந்திருந்தால் பி.டி. சாரிடம் சொல்லி நிமிர்த்துங்கள். அதுவரை அடுத்த முனை ரிங்கில் ஷூட்டிங் பழகுங்கள்.

பந்தும் அப்படித்தான். பையன்களுக்கு 7-ஆம் அளவு, பெண்களுக்கு 6, சின்னப் பிள்ளைகளுக்கு 5. ஆறாம் வகுப்புப் பிள்ளையிடம் 7-ஐக் கொடுத்தால் இடுப்பிலிருந்து இரண்டு கையாலும் தள்ளிப் போடும். அந்தப் பழக்கத்தை மாற்ற இரண்டு வருடம் ஆகும்.

5 விநாடி

ரெஃப்ரி பந்தைக் கையில் கொடுத்ததிலிருந்து ஃப்ரீ த்ரோ போட 5 விநாடி. அதற்குள் என்ன செய்வது என்பது அங்கே போய் யோசிக்கிற விஷயமாக இருக்கக் கூடாது. வலது கை ஆட்டக்காரருக்கு ஒரு வரிசை இது: வலது கால் பெருவிரல் ரிங்கின் நடுவுக்கு நேராக, கோட்டுக்கு இரண்டு விரற்கடை பின்னால். பந்தை இரண்டு தட்டு. பந்தைத் திருப்பி, அதன் கோட்டுப் பள்ளத்தில் விரல் நுனிகள் படும்படி பிடிப்பது. வாய்வழியாக மூச்சை முழுக்க விடுவது. ரிங்கில் ஒரே ஒரு இடத்தைப் பார்ப்பது. முன்விளிம்பானாலும் பின்விளிம்பானாலும் சரி, எப்போதும் அதே இடம். முழங்கால் மடங்கும்போதே பந்து மேலே போக வேண்டும். எல்லாம் சேர்ந்து நாலு விநாடிக்குள் முடிந்துவிடும்.

இதில் எங்கே தவறு நடக்கிறது என்று பார்த்தால், பெரும்பாலும் மூச்சில்தான். பதற்றத்தில் மூச்சை அடக்கிக்கொண்டு போட்டால் தோள் இறுகும், பந்து வளைவில்லாமல் தட்டையாகப் போகும். அடுத்தது கால். கடைசிக் குவார்ட்டரில் (ஆட்டத்தின் நாலாவது கால்பகுதியில்) தவறுகிறவை பெரும்பாலும் பந்து எட்டாமல் தவறுகின்றன, ஏனென்றால் களைத்த கால் மடங்குவதில்லை. அப்போது கையால் தள்ளாதீர்கள். முழங்காலை இன்னும் கொஞ்சம் மடக்குங்கள். மூன்றாவது தவறு, இரண்டு தட்டு நாலு தட்டாகிவிடுவது. கூட்டம் சத்தம் போடும்போது தட்டு கூடினால் வரிசை கலைந்துவிட்டது என்று அர்த்தம். மூச்சை விட்டு, மீதியை வழக்கப்படியே முடியுங்கள்.

ஒரே இடத்தில் நின்று ஐம்பது ஃப்ரீ த்ரோ போடுவதில் பலன் குறைவு. பத்தாவது பந்துக்குமேல் கை தானாக இசைந்துவிடும், நன்றாகப் போடுகிறோம் என்று தோன்றும். ஆட்டத்தில் ஓடி வந்து மூச்சு வாங்கும்போது இரண்டே பந்துதான் கிடைக்கும். அதனால் இப்படிச் செய்யுங்கள்: இரண்டு போடு, இந்த முனையிலிருந்து அந்த முனைக்கு 28 மீட்டர் முழு வேகத்தில் ஓடித் திரும்பு, மறுபடி இரண்டு. பத்துச் சுற்று, இருபது பந்து. பிராக்டீஸின் கடைசியில் இதை வையுங்கள். இருபதில் எத்தனை என்று ஒரு நோட்டில் தேதியோடு எழுதுங்கள். 9 என்றால் 9. மூன்று வாரம் எண்ணிக்கை நகரவே இல்லை என்றால், கூட இருப்பவரிடம் பக்கவாட்டிலிருந்து செல்போனில் படம் பிடிக்கச் சொல்லிப் பாருங்கள். முழங்கை வெளியே விரிவது அல்லது கால் மடங்காதது கண்ணுக்குத் தெரிந்துவிடும்.

கொங்கு நாட்டுக்கென்று ஒரு சிக்கல் காற்று. பாலக்காட்டுக் கணவாய் வழியாக வைகாசி கடைசியில் ஆரம்பித்து ஆடி முழுக்க அடிக்கிற காற்றில், பொள்ளாச்சி, உடுமலை, பல்லடம் பக்கத்துத் திறந்த மைதானங்களில் பந்து தள்ளிப்போகும். அந்தக் காற்றுக்கு ஏற்ப ஒரு முழம் தள்ளிக் குறிபார்க்கப் பழகாதீர்கள். உள்ளரங்கத்தில் விளையாடும்போது அதுவே உங்களைக் கவிழ்த்துவிடும். அந்த மாதங்களில் தூர ஷாட்டுகளைக் காற்று எழும்பாத விடிகாலையில் முடித்துக்கொள்ளுங்கள். மாலையில் ரிங்கிலிருந்து 2 மீட்டருக்குள் ஷாட், இரண்டு கையிலும் லேஅப் (ஓடிவந்து எழும்பி ரிங்குக்குப் பக்கத்திலிருந்து போடுவது), டிரிப்ளிங் (பந்தைத் தரையில் தட்டிக்கொண்டே போவது), டிஃபென்ஸ் கால்வேலை இவற்றைப் பாருங்கள்.

"உடு"

ஒரு பாஸ் தப்பாகப் போய்விட்டது. எதிரணிக்காரன் பந்தைப் பறித்துக்கொண்டு ஓடுகிறான். தவறவிட்டவன் ஆத்திரத்தில் பின்னாலேயே துரத்திப்போய், அவன் லேஅப்புக்கு எழும்பும்போது கையில் ஒரு அடி. பந்து உள்ளே விழுகிறது, ஃபவுலும் ஊதியாகிறது. 2 பாயிண்டோடு போக வேண்டியது, கூடக் கிடைக்கும் ஒரு ஃப்ரீ த்ரோவும் விழுந்தால் 3 ஆகிறது, தன் கணக்கில் ஒரு ஃபவுலும் ஏறுகிறது. ஐந்து ஆனால் வெளியே. இளம் ஆட்டக்காரர்களைக் கெடுப்பது முதல் தவறைவிட, அதை ஈடுகட்டப் போய்ச் செய்யும் இந்த இரண்டாவது தவறு.

இதற்கு ஒரே மருந்து, தவறியதும் உடம்பு செய்ய வேண்டிய வேலையை முன்பே பழக்கி வைப்பது. டீம் முழுக்க ஒரு சொல்லை வைத்துக்கொள்ளுங்கள். நம் ஊரில் "உடு" (விடு, போகட்டும்) என்பதைவிடப் பொருத்தமான சொல் இல்லை. பந்து போனதும் பக்கத்தில் இருப்பவர் "உடு!" என்று கத்துவார். தவறவிட்டவர் திரும்பி, பந்தைப் பார்க்காமல் முதலில் நம் ரிங்கை நோக்கி முழு வேகத்தில் மூன்று எட்டு ஓட வேண்டும்; பிறகுதான் யாரைப் பிடிப்பது என்று பார்க்க வேண்டும். தலையில் கை வைப்பது, ரெஃப்ரியைப் பார்த்துக் கையை விரிப்பது இரண்டுக்கும் இடமில்லை. அதற்கு ஆகும் ஒன்றரை விநாடிக்குள் எதிரணிக்காரன் நடுக்கோட்டைத் தாண்டியிருப்பான்.

வாயால் சொன்னால் வராது, பிராக்டீஸில் வர வேண்டும். கோச் 5க்கு 5 ஆட்டத்தில் வேண்டுமென்றே சில தடவை தப்பாக ஊத வேண்டும். யார் நின்று வாதாடுகிறார்கள், யார் ஓடுகிறார்கள் என்று குறித்துக்கொண்டு, நின்றவரை அடுத்த மூன்று நிமிடம் வெளியே உட்காரவைக்கலாம். ரெஃப்ரியிடம் கேப்டன் மட்டும் பேசட்டும், அதுவும் பந்து நின்றிருக்கும்போது, "சார், ஒரு சந்தேகங்க" என்று ஆரம்பித்து.

பெஞ்சில் இருப்பவருக்கு வேலை கொடுங்கள்

பன்னிரண்டு பேரில் ஏழு பேர் எப்போதும் வெளியேதான். சும்மா உட்கார்ந்திருப்பவர் உள்ளே போனதும் முதல் இரண்டு நிமிடத்தைத் திகைப்பிலேயே கழிப்பார். ஆளுக்கொரு வேலை ஒதுக்குங்கள். ஒருவர் எதிரணியின் டீம் ஃபவுலை எண்ணட்டும்: ஒரு குவார்ட்டரில் நாலு ஆகிவிட்டால், ஐந்தாவதிலிருந்து பந்து அவர்கள் கையில் இல்லாதபோது செய்யும் ஒவ்வொரு ஃபவுலுக்கும் நமக்கு இரண்டு ஃப்ரீ த்ரோ. அது தெரிந்தால் உள்ளே இருப்பவர்கள் ரிங்கை நோக்கி உடைத்துக்கொண்டு போவார்கள். இன்னொருவர் எதிரணியின் பந்து கொண்டுவருபவரை மட்டும் பார்க்கட்டும்: எந்தக் கைப்பக்கம் போகிறார், நெருக்கினால் முதுகைத் திருப்புகிறாரா? பதில் கிடைத்ததும், அவரைத் தடுத்து ஆடுகிற நம் ஆளிடம் டைம் அவுட்டில் அதைச் சொல்ல வேண்டும், ஒரே வரியில்.

இந்தக் கண்ணைப் பழக்க நல்ல இடங்கள் நம்மிடமே இருக்கின்றன. கரூரில் எல்.ஆர்.ஜி. நாயுடு நினைவுக் கோப்பை, கோவையில் நாச்சிமுத்து கவுண்டர் கோப்பையும் பெண்களுக்கான சி.ஆர்.ஐ. பம்ப்ஸ் கோப்பையும், பி.எஸ்.ஜி. கோப்பை என நாட்டின் முன்னணி அணிகள் ஆடும் போட்டிகள் நடக்கின்றன. கேலரியில் உட்கார்ந்து ஒரு குவார்ட்டர் முழுக்கப் பந்தைப் பார்க்காதீர்கள். உங்கள் பொசிஷனில் ஆடும் ஒருவரை மட்டும் பாருங்கள். கையில் பந்து இல்லாதபோது அவர் எங்கே நிற்கிறார், ஷாட் எழும்பும் அந்தக் கணத்தில் யார்மீது முதுகைச் சாய்த்து, பந்துக்கு வரவிடாமல் மறித்து பாக்ஸ் அவுட் செய்கிறார், தவறிய பிறகு முகம் எப்படி இருக்கிறது. பத்து நாள் பிராக்டீஸில் கிடைக்காதது அந்தப் பத்து நிமிடத்தில் கிடைக்கும்.

தூக்கம், சாப்பாடு, தண்ணீர்

13 முதல் 18 வயதுவரை ராத்திரிக்கு 8 முதல் 10 மணி நேரத் தூக்கம் வேண்டும். காலை ஐந்தரைக்குக் கிரவுண்டில் நிற்க வேண்டுமென்றால் ஒன்பது மணிக்குள் படுத்தாக வேண்டும். செல்போன் சமையலறை அலமாரியில் தூங்கட்டும். தூக்கம் கெட்ட மறுநாள் முதலில் போவது பொறுமை. வீண் ஃபவுல்களில் பாதி அங்கிருந்துதான் வருகிறது.

காலை 9 மணிக்கு ஆட்டம் என்றால் 6 மணிக்குச் சாப்பாடு: நாலு இட்லி, அல்லது எலுமிச்சைச் சந்தகை. பூரி, பரோட்டா, வடை அன்றைக்கு வேண்டாம். எண்ணெய் செரிக்க நேரமாகும். 8 மணிக்கு ஒரு கதளிப்பழம். ஆட்டத்துக்கு 2 மணி நேரம் முன்பு அரை லிட்டர் தண்ணீர், ஆட்டத்தின்போது கால் மணிக்கொருமுறை ஏழெட்டு மடக்கு. ஈரோட்டு, கரூர் வெயிலில் வெறும் தண்ணீர் போதாது, உப்புப் போட்ட நீர்மோர் எடுத்துப் போங்கள். எவ்வளவு வேர்க்கிறது என்று தெரிய, பிராக்டீஸுக்கு முன்னும் பின்னும் எடை பாருங்கள். ஒரு கிலோ குறைந்தால் அடுத்த சில மணி நேரத்தில் ஒன்று முதல் ஒன்றரை லிட்டர் உள்ளே போக வேண்டும். ஆட்டம் முடிந்து ஒரு மணி நேரத்துக்குள் அரிசிம்பருப்புச் சோறும் இரண்டு முட்டையும் போதும், டப்பா பவுடர் எதுவும் தேவையில்லை.

முந்தின நாள் பை

ஜெர்சி, இரண்டு ஜோடி சாக்ஸ், மாற்று ஷூ லேஸ், 2 லிட்டர் பாட்டில், துண்டு, ஷூ அடியைத் துடைக்க ஈரத்துணி, பிளாஸ்டர், நகவெட்டி, பிறப்புச் சான்றிதழ் நகல். ராத்திரியே அடுக்கிவிடுங்கள், அடுக்குவது ஆட்டக்காரரின் வேலை, அம்மாவுடையது அல்ல. புது ஷூவை ஆட்டத்தன்று முதல்முறை போடக் கூடாது, இரண்டு வாரமாவது பழகியிருக்க வேண்டும். ஓட்டத்துக்கான ஷூவில் கூடைப்பந்து ஆடாதீர்கள். அதன் அடிப்பாகம் உயரமாகவும் மெத்தென்றும் இருப்பதால், பக்கவாட்டில் வெட்டித் திரும்பும்போது கணுக்கால் புரண்டுவிடும். மார்கழிப் பனியில் சிமெண்ட் தரை ஈரமாயிருந்தால், துடைத்து உலரும்வரை டிரிப்ளிங்கோடு நிறுத்துங்கள்.

கோவையிலிருந்து கரூர் மாதிரி தூரப் பயணம் என்றால் ஒன்றரை மணி நேரம் முன்பே போய் இறங்கி, பத்து நிமிடம் நடங்கள். வார்ம் அப் இருபது நிமிடம்: மெல்ல ஓட்டம், பக்கவாட்டு ஓட்டம், காலை முன்னும் பின்னும் வீசுவது, பிறகு இரு பக்க லேஅப், கிட்டத்து ஷாட், கடைசியாக இரண்டு ஃப்ரீ த்ரோ உங்கள் வரிசைப்படி.

அடிபட்டால்

கணுக்கால் புரண்டால் சூடான எண்ணெய் போட்டு நீவுவதும் சூட்டு ஒத்தடம் கொடுப்பதும் முதல் இரண்டு நாளைக்குக் கூடாது, வீக்கம் கூடும். துணியில் சுற்றிய ஐஸ் 15 நிமிடம், காலை உயர்த்தி வைப்பது. நாலு எட்டு ஊன்றி நடக்க முடியவில்லை என்றால் அன்றே எக்ஸ்ரே. விரலில் பந்து குத்தினால் சொடக்கு எடுக்கிற மாதிரி இழுக்காதீர்கள். வளர்கிற பிள்ளைகளுக்கு முழங்கால் சில்லுக்குக் கீழே உள்ள எலும்பு மேட்டில் வலி வந்தால் குதிக்கும் பயிற்சியைக் குறைத்து மருத்துவரிடம் காட்டுங்கள். சிமெண்ட் தரையில் தினமும் குதிப்பவருக்கு வாரத்தில் ஒரு நாளாவது முழு ஓய்வு கட்டாயம்.

ஆட்டம் முடிந்தபின்

அன்று ராத்திரியே நோட்டில் மூன்று வரி: ஃப்ரீ த்ரோ எத்தனைக்கு எத்தனை, "உடு" எத்தனை தடவை கேட்டது, அடுத்த வாரம் பழக வேண்டிய ஒன்று. ஒன்றுதான், ஐந்தாறு எழுதினால் எதையும் பழக மாட்டீர்கள். பரீட்சை மாதங்களிலும் வாரம் மூன்று நாள், அரை மணி நேரம் டிரிப்ளிங்கும் அந்த இருபது பந்தும் நிற்காமல் போகட்டும். பிப்ரவரியில் நிறுத்தினால் ஜூனில் பழையபடி தொடக்கத்துக்கு வர வேண்டியிருக்கும்.

பெற்றோருக்கு: கோட்டுக்கு வெளியே நின்று "ஷூட் பண்ணு" என்று கத்தினால், பிள்ளை கோச்சைக் கேட்பதா உங்களைக் கேட்பதா என்று ஒரு விநாடி தயங்கும். பந்து அதற்குள் போய்விடும். தோற்ற அன்று வண்டியில் கூட்டிக்கொண்டு வரும்போது வீடு வரும்வரை ஆட்டப்பேச்சு வேண்டாம். "என்ன கண்ணு சாப்படற?" என்று கேட்டால் போதும். நோட்டை அவனோ அவளோ எடுத்து வந்து காட்டும்போது, எண்ணிக்கையைப் பார்த்துவிட்டு, முந்தின வாரத்துப் பக்கத்தையும் ஒருமுறை திருப்பிப் பாருங்கள்.