இரண்டு டாரட் முறைகளைச் சேர்த்தே படிக்க: மார்செய்யை முதலில் திறங்கள்

டாரட் என்பது பலன் பார்க்கும் சீட்டுக்கட்டு. அதில் ஒரு முறையைப் படித்து முடித்துவிட்டு அடுத்ததற்குப் போ என்பார்கள். ரைடர் வெயிட், பழைய பிரெஞ்சு மரபான மார்செய் என்ற இரண்டு கட்டுகளையும் ஒரே சமயத்தில் தாராளமாகப் படிக்கலாம். எதை முதலில் பார்க்கிறோம் என்பதில் மட்டும் கவனம் வேண்டும்.

1. கட்டு வாங்குவது

ரைடர் வெயிட்டில் எந்தப் பதிப்பும் சரி. 1909இல் லண்டனில் வெளியானது, ஏ. ஈ. வெயிட் வடிவமைக்க, பமீலா கோல்மன் ஸ்மித் வரைந்தார். மார்செய்யில், நிக்கோலா கான்வெரின் 1760 கட்டை ஒட்டி அச்சிட்டதாகப் பாருங்கள். பெட்டியில் மார்செய் என்று போட்டுவிட்டு, சின்ன கார்டுகளில் (கோல், வாள், கோப்பை, காசு என்ற நான்கு இனங்களிலும் 1 முதல் 10 வரை வரும் 40 கார்டுகள்) ஆள் படம் வரைந்த கட்டுகளும் விற்கிறார்கள். அவை வேண்டாம். மொபைல் ஆப்பும் வேண்டாம். இரண்டு கார்டைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கத் தோதுப்படாது.

2. பெரிய கார்டுகள் 22

எந்த இனத்திலும் சேராத இந்த 22 கார்டுகளை, இரண்டு கட்டிலிருந்தும் எடுத்து இரண்டு வரிசையாகப் பரப்புங்கள். எண்ணில் இடிப்பது 8ம் 11ம். மார்செய்யில் 8 நீதி, 11 வலிமை. ரைடர் வெயிட்டில் தலைகீழ். கோல்டன் டான் என்ற ஆங்கிலேய மறைஞானக் குழுவினர் கார்டுகளை ராசி வரிசையோடு பொருத்தினார்கள். வலிமைக்குச் சிம்மம், நீதிக்குத் துலாம்; சிம்மம்தானே முன்னால் வரும்? அதனால் இடம் மாற்றினார்கள். வெயிட் அதையே எடுத்துக்கொண்டார். நோட்டில் எண்ணை எழுதாமல் பெயரை எழுதினால் இந்தக் குழப்பமே வராது. ஆனால் மார்செய் 13க்குப் பெயர் கிடையாது, முட்டாள் கார்டுக்கு எண் கிடையாது. அச்சுப்பிழை என்று கட்டைத் திருப்பி அனுப்பிவிடாதீர்கள்.

ராஜா, ராணி, குதிரைவீரன், சேவகன்: இரண்டு கட்டிலும் ஒவ்வொரு இனத்துக்கும் அதே நால்வர். தொல்லையில்லை.

3. கோலா, வாளா?

தொடங்குபவர்கள் தடுக்கி விழும் இடம் இதுதான். மார்செய் சின்ன கார்டுகளில் காட்சி கிடையாது. கோல், வாள் கார்டுகளில் பட்டை பட்டையாகக் கோடுகள், நடுவில் பூ, அவ்வளவுதான். கோலும் வாளும் ஒன்றுபோலவே தெரியும்.

வளைந்து முட்டை வடிவில் சூழ்ந்திருந்தால் வாள். நேராகக் குறுக்கே பின்னியிருந்தால் கோல். வாளில் 3, 5, 7, 9 என்றால் வளைவுகளுக்கு நடுவே ஒரு நேர் வாள் நிற்கும். 2, 4, 6, 8 என்றால் அந்த இடத்தில் பூ. பத்தில் எட்டு வளைவு, இரண்டு நேர் வாள்.

ரோமன் எண்ணிலும் ஒரு சங்கதி. இங்கே நான்கு என்றால் நான்கு கோடு. ஒன்பது என்றால் ஐந்தின் குறியும் நான்கு கோடும். காசு கார்டுகளில் எண்ணே இருக்காது, வட்டங்களை எண்ணிக்கொள்ள வேண்டியதுதான்.

4. நாளுக்கு ஒரு கார்டு, 40 நாள்

காலையில் சின்ன கார்டு ஒன்றை மார்செய்யிலிருந்து மட்டும் எடுங்கள். எண்ணையும் இனத்தையும் சேர்த்து இரண்டு வரி எழுதுங்கள். அதற்குப் பிறகுதான் ரைடர் வெயிட்டில் அதே கார்டு.

கோப்பை ஐந்தையே எடுத்துக்கொள்ளுங்கள். மார்செய்யில் மேலே இரண்டு, கீழே இரண்டு, நடுவில் ஒன்று, அதைச் சுற்றிக் கொடி. ஐந்தும் நிமிர்ந்தே நிற்கின்றன. நான்கில் அடங்கியிருந்த உணர்வுக்கு நடுவே புதிதாக ஒன்று முளைக்கிறது என்று படிக்கலாம். ரைடர் வெயிட்டில் கறுப்புப் போர்வை போர்த்தியவர் தலைகுனிந்து நிற்கிறார். மூன்று கோப்பை கவிழ்ந்து கிடக்க, முதுகுக்குப் பின்னால் இரண்டு நிற்கின்றன. இதை முதலில் பார்த்துவிட்டால் மார்செய்யின் நேரான கோப்பைகளிலும் துக்கம்தான் தெரியும். காட்சி அப்படி ஒட்டிக்கொள்ளும். வாள் மூன்றும் அப்படியே: துளைபட்ட இதயம் ரைடர் வெயிட்டில்தான், மார்செய்யில் இதயமே இல்லை.

நோட்டில் ஒரே பக்கத்தில் இரண்டு பத்தி போடுங்கள். தனித்தனி நோட்டு போட்டால் எது எதிலிருந்து கசிந்தது என்று பிடிக்க முடியாது.

5. பலன் பார்ப்பது

40 நாள் கழித்து, மூன்று மூன்று கார்டாக. ஒரு கேள்விக்கு ஒரே கட்டு. ரைடர் வெயிட் பலன் பிடிக்கவில்லை என்று மார்செய்யை எடுத்தால் அது பேரம்பேசுவது. மார்செய்யில் ஆள் எந்தப் பக்கம் பார்க்கிறார் என்று கவனியுங்கள். அந்தப் பக்கத்துக் கார்டோடு சேர்த்துப் படிக்க வேண்டும்.

பின்சேர்க்கை: தலைகீழாக வந்தால் என்ன செய்வது என்று பலர் கேட்கிறார்கள். மார்செய் காசு, வாள் கார்டுகள் பலவற்றில் மேல் எது கீழ் எது என்றே தெரியாது. அந்தக் கட்டில் எல்லாவற்றையும் நேராகவே வைத்துக்கொள்ளுங்கள். தலைகீழ்ப் பலன் ரைடர் வெயிட்டுக்கு மட்டும், அதுவும் 40 நாள் முடிந்த பிறகு.