ஃப்ளட்டர் ஆப்பில் பேக் பட்டன்: வில்பாப்ஸ்கோப் இல்லாமல் சரியாகக் கையாள்வது எப்படி?

அடுத்த திரைக்குப் போவதை எல்லோரும் சீக்கிரம் கற்றுக்கொண்டு விடுகிறோம். திரும்பி வருவதில்தான் சிக்கல். லாகின் முடிந்து உள்ளே போனவர் பேக் அழுத்தினால் மறுபடி லாகின் திரை வந்து நிற்கிறது. பாதி நிரப்பிய படிவம் ஒரே இழுப்பில் காணாமல் போகிறது. மூன்றாவது டேபில் எதையோ பார்த்துக்கொண்டிருந்தவர் பேக் அழுத்தியதும் ஆப்பே மூடிக்கொள்கிறது. தெரிந்த மளிகைக் கடை ஒன்றுக்குப் பற்று வரவு குறிக்கும் ஆப் எழுதியபோது இந்த மூன்றையும் வரிசையாகச் சரிசெய்ய வேண்டியிருந்தது. அந்த ஆப்பையே உதாரணமாக வைத்துக்கொள்வோம். அதில் லாகின், மூன்று டேப் உள்ள முகப்பு, வாடிக்கையாளர் பக்கம், பற்று எழுதும் படிவம் என்று நான்கே திரைகள்தான்.

ஃப்ளட்டர் நிறுவுவது, ஒரு திரையிலிருந்து இன்னொன்றுக்குப் புஷ் செய்வது எல்லாம் தெரியும் என்று வைத்துக்கொண்டு எழுதுகிறேன். உங்கள் ஃப்ளட்டர் 3.24 அல்லது அதற்குப் பிந்தையதாக இருக்கட்டும். கட்டளைப் பெயர்களைத் தமிழ் எழுத்திலேயே தந்திருக்கிறேன். எடிட்டரில் முதல் சில எழுத்துகளை அடித்தாலே முழுப் பெயரும் வந்துவிடும்.

படி 1: முதலில் காகிதம்

புரோகிராம் கோடைத் தொடும் முன் ஒவ்வொரு திரையையும் ஒரு பெட்டியாக வரையுங்கள். ஒவ்வொரு பெட்டிக்கும் கீழே "இங்கே பேக் அழுத்தினால் எங்கே போக வேண்டும்?" என்ற கேள்விக்கு ஒரே வரியில் பதில் எழுதுங்கள். படிவத்துக்கு "எதுவும் எழுதவில்லையென்றால் வாடிக்கையாளர் பக்கம்; எழுதியிருந்தால் கேட்டுவிட்டு வாடிக்கையாளர் பக்கம்" என்று இரண்டு பதில் வரும். முகப்புக்கும் அப்படித்தான்: முதல் டேபில் இருந்தால் வெளியே, இல்லையென்றால் முதல் டேப். இரண்டு பதில் வரும் திரைகளில்தான் உண்மையான வேலை இருக்கிறது. மற்றவற்றை ஃப்ளட்டரே பார்த்துக்கொள்ளும்.

படி 2: புஷ்ஷில் சரியான வகையைத் தேர்ந்தெடுங்கள்

நேவிகேட்டர் திரைகளை மேசையில் காகிதம் அடுக்குவதுபோல ஒன்றின்மேல் ஒன்றாக வைக்கிறது. பேக் என்பது மேலே இருப்பதை எடுத்துவிடுவது, அவ்வளவுதான். பலர் பேக் பட்டனில் திருத்தப் பார்க்கும் பிரச்சினை உண்மையில் அடுக்கும்போதே வந்துவிட்ட பிரச்சினை.

லாகினிலிருந்து முகப்புக்குப் போகும்போது வெறும் புஷ் போட்டால் லாகின் அடியில் அப்படியே இருக்கும். அங்கே புஷ்ரீப்ளேஸ்மென்ட் போடுங்கள். பழைய திரை போய் அந்த இடத்தில் புதியது வரும். லாகினுக்கு முன்னால் ஓடிபி திரை, பெயர் கேட்கும் திரை என்று இரண்டு மூன்று இருந்தால் புஷ்அண்ட்ரிமூவ்அன்டில் போட்டு, நிபந்தனைக்கு எப்போதும் ஃபால்ஸ் திருப்பச் சொல்லுங்கள். அடியில் இருப்பதெல்லாம் காலியாகி முகப்பு மட்டும் நிற்கும். லாகவுட் செய்யும்போதும் இதே முறைதான், திசை மட்டும் மாறும்.

பற்று எழுதி முடித்தபின் நேரே முகப்புக்கு வர வேண்டுமென்றால் முகப்பை மறுபடி புஷ் செய்யாதீர்கள். அப்படிச் செய்தால் அடுக்கில் இரண்டு முகப்பு இருக்கும், பேக் அழுத்தினால் பழைய படிவம் எட்டிப் பார்க்கும். பாப்அன்டில் எழுதி, முதல் ரூட் (அடுக்கின் அடியில் இருக்கும் திரை) வரும்வரை எடுக்கச் சொன்னால் போதும்.

படி 3: பேக்கைத் தடுத்து நிறுத்துவது

இந்தக் கட்டுரையின் கனமே இங்கேதான் இருக்கிறது. நிதானமாகப் படியுங்கள்.

இணையத்தில் தேடினால் இன்னமும் பாதிப் பேர் வில்பாப்ஸ்கோப் என்ற விட்ஜெட்டைத்தான் சொல்கிறார்கள். பயனர் பேக் அழுத்துவார், உங்கள் ஃபங்ஷன் ஓடும், டயலாக் காட்டிக் கேட்பீர்கள், ட்ரூ என்றால் போகலாம், ஃபால்ஸ் என்றால் நிற்கலாம். எளிமையாக இருந்தது. ஆனால் 2023 நவம்பரில் வந்த ஃப்ளட்டர் 3.16இல் அதை விலக்கிவிட்டு (அதாவது இனி பயன்படுத்த வேண்டாம் என்று சொல்லிவிட்டு) பாப்ஸ்கோப் கொடுத்தார்கள். பெயர் மட்டும் மாறியிருக்கிறது என்று நினைத்துப் பழைய கோடை அப்படியே இடம் மாற்றினால் நிச்சயம் உடையும்.

காரணம் ஆண்ட்ராய்டில் இருக்கிறது. ஆண்ட்ராய்டு 13இல் ப்ரெடிக்டிவ் பேக் என்ற வசதி வந்தது. திரையின் ஓரத்திலிருந்து விரலை இழுக்கத் தொடங்கும்போதே அடியில் இருக்கும் திரை கொஞ்சம் தெரியும். பிடிக்கவில்லையென்றால் விரலை எடுக்காமலே பழைய இடத்துக்குக் கொண்டுபோய்விடலாம். அடியில் இருப்பதைக் காட்ட வேண்டுமா வேண்டாமா என்பது விரல் நகரும் முன்பே ஆண்ட்ராய்டுக்குத் தெரிந்தாக வேண்டும். "இரு, டயலாக் போட்டுக் கேட்டுச் சொல்கிறேன்" என்பதற்கு அங்கே நேரமே இல்லை.

அதனால்தான் பாப்ஸ்கோப்பில் கேன்பாப் என்று ஒரு ட்ரூ, ஃபால்ஸ் மதிப்பு இருக்கிறது. பேக் அழுத்தினால் போகலாமா என்ற பதிலை நீங்கள் முன்கூட்டியே அதில் எழுதி வைக்க வேண்டும். கூடவே இருக்கும் ஆன்பாப்இன்வோக்டுவித்ரிசல்ட் என்ற ஃபங்ஷன் அனுமதி கேட்பதற்கு அல்ல. எல்லாம் நடந்த பிறகு "போனது" அல்லது "போகவில்லை" என்று தகவல் சொல்வதற்கு. அந்தத் தகவல்தான் டிட்பாப் என்ற மதிப்பு. (3.16இல் இந்த ஃபங்ஷனின் பெயர் வெறும் ஆன்பாப்இன்வோக்டு. அதுவும் இப்போது விலக்கப்பட்டதுதான்.)

இனி நம் படிவத்துக்கு வருவோம்.

திரையின் ஸ்டேட்டில் "மாறியது" என்று ஒரு பூலியன் வையுங்கள், தொடக்கத்தில் ஃபால்ஸ். தொகை அல்லது குறிப்பு எழுதும் பெட்டியில் ஏதாவது அடித்தவுடன் அதை ட்ரூ ஆக்குங்கள். இதைக் கட்டாயம் செட்ஸ்டேட்டுக்குள் செய்ய வேண்டும். வெளியே செய்தால் மதிப்பு மாறியிருக்கும், ஆனால் திரை மறுபடி பில்ட் ஆகாததால் பாப்ஸ்கோப் பழைய கேன்பாப்பையே பிடித்துக்கொண்டிருக்கும். படிவம் நிரம்பியிருந்தும் பேக் அழுத்தியதும் எதுவும் கேட்காமல் வெளியே போகிறதென்றால் முதலில் இந்த இடத்தைப் பாருங்கள்.

ஸ்கேஃபோல்டைச் சுற்றி பாப்ஸ்கோப் போட்டு, கேன்பாப்புக்கு "மாறியது" என்பதன் எதிர்மறையைக் கொடுங்கள். ஃபங்ஷனின் முதல் வரியிலேயே டிட்பாப் ட்ரூவா என்று பார்த்து, ஆமென்றால் ரிட்டர்ன் ஆகிவிடுங்கள். இந்த வரியை விட்டுவிடவே கூடாது. அடுத்து ஷோடயலாக் மூலம் "எழுதியதை விட்டுவிடலாமா?" என்று கேளுங்கள். டயலாக்குக்கு வெளியே தொட்டாலோ டயலாக்கிலேயே பேக் அழுத்தினாலோ நல் (null, அதாவது பதில் எதுவும் இல்லை) திரும்பி வரும்; அதை "வேண்டாம், இங்கேயே இருக்கிறேன்" என்று எடுத்துக்கொள்ளுங்கள். "விட்டுவிடு" என்று வந்தால், கான்டெக்ஸ்ட் இன்னும் மவுன்டட் ஆக இருக்கிறதா என்று பார்த்துவிட்டு நேவிகேட்டரின் பாப்பை அழையுங்கள்.

கேன்பாப் இன்னும் ஃபால்ஸ்தானே, பாப் எப்படி வேலை செய்யும் என்று தோன்றும். பாப் என்பது கட்டளை, யாரையும் கேட்காது. மேபிபாப்தான் பாப்ஸ்கோப்பிடம் கேட்டுவிட்டுப் போகும். நாம் பாப் அழைத்ததும் திரை போகும், அதே ஃபங்ஷன் டிட்பாப் ட்ரூவோடு இன்னொரு முறை ஓடும். முதல் வரியில் அதைப் பிடித்து ரிட்டர்ன் ஆகவில்லையென்றால், போய்க்கொண்டிருக்கும் திரைக்கு மேலே மறுபடி டயலாக் முளைக்கும். அதிலும் "விட்டுவிடு" சொன்னால் வாடிக்கையாளர் பக்கத்தையும் சேர்த்து எடுத்துவிடும் அபாயம் உண்டு.

இதே வேறுபாடு ஆப்பாரிலும் வரும். ஆப்பார் தானாகக் காட்டும் அம்புக்குறி மேபிபாப்பை அழைக்கிறது, அதனால் உங்கள் டயலாக் வரும். அழகுக்காக நீங்களே ஒரு ஐகான்பட்டன் வைத்து அதில் பாப் எழுதினால் டயலாக் வராமலே வெளியேறிவிடும். சொந்த அம்பு வைத்தால் மேபிபாப் எழுதுங்கள்.

என் கருத்தைக் கேட்டால், முடிந்த இடத்திலெல்லாம் டயலாக்கே வேண்டாம். எழுதியதை டிராஃப்டாகச் சேமித்துவிட்டு, பயனரைத் தடுக்காமல் போக விடுங்கள். கடையில் கூட்டம் நிற்கும்போது "நிச்சயமா?" என்று கேட்கும் ஆப்பை யாரும் விரும்ப மாட்டார்கள். பணம் அனுப்புவது போன்ற பாதியில் விடக் கூடாத வேலைகளுக்கு மட்டும் தடை வையுங்கள்.

படி 4: கீழ்ப் பட்டையில் டேப் இருந்தால்

டேப் மாற்றுவது புஷ் அல்ல, அதனால் அடுக்கில் எதுவும் சேராது. மூன்றாவது டேபில் பேக் அழுத்தினால் ஆப் மூடுவது அதனால்தான். முகப்பைச் சுற்றி ஒரு பாப்ஸ்கோப் போட்டு, டேப் எண் பூஜ்யமாக இருந்தால் மட்டும் கேன்பாப் ட்ரூ ஆகட்டும். போகவில்லை என்று தகவல் வந்தால் செட்ஸ்டேட்டில் டேப் எண்ணைப் பூஜ்யமாக்குங்கள். முதல் டேபுக்கு வந்து, அடுத்த பேக்கில் வெளியேறும்.

ஒவ்வொரு டேபுக்குள்ளும் தனி நேவிகேட்டர் வைக்கும் ஆசை எல்லோருக்கும் வரும். தொடக்கத்தில் வேண்டாம். ஃபோனின் பேக் வெளியே இருக்கும் முதன்மை நேவிகேட்டருக்குத்தான் போகும், உள்ளே இருப்பதற்கு அது தானாகப் போகாது. வாடிக்கையாளர் பக்கத்தைக் கீழ்ப் பட்டைக்கும் மேலே முழுத் திரையாகத் திறந்தால் இந்தத் தலைவலியே இல்லை. கீழ்ப் பட்டை எப்போதும் தெரிந்தே ஆக வேண்டும் என்றால் கோரவுட்டர் பேக்கேஜில் இருக்கும் ஸ்டேட்ஃபுல்ஷெல்ரூட்டுக்குப் போங்கள். கையால் எழுதுவதைவிட அது எவ்வளவோ மேல்.

"வெளியேற மீண்டும் ஒருமுறை அழுத்தவும்" என்ற அறிவிப்பு எனக்குப் பிடிக்காது. அதைக் காட்ட முகப்பில் கேன்பாப்பை ஃபால்ஸ் ஆக வைத்திருக்க வேண்டும். அப்படி வைத்தால் ஹோம் ஸ்கிரீனை முன்கூட்டிக் காட்டும் அசைவு வராது. ஆப்பை மூட டார்ட்டின் எக்ஸிட் கட்டளையும் வேண்டாம். ஆப் கிராஷ் ஆனதாக ஃபோன் எடுத்துக்கொள்ளக்கூடும். மூடியே ஆக வேண்டுமென்றால் சிஸ்டம்நேவிகேட்டரின் பாப் இருக்கிறது. ஐஃபோனில் அது எதுவும் செய்யாது, ஆப் தன்னைத் தானே மூடிக்கொள்வதை ஆப்பிளின் நெறிமுறை ஏற்பதில்லை.

படி 5: மேனிஃபெஸ்ட், சோதனை

ஆண்ட்ராய்டு மேனிஃபெஸ்டில் அப்ளிகேஷன் டேகுக்குள் எனேபிள்ஆன்பேக்இன்வோக்டுகால்பேக் என்ற பண்பை ட்ரூ ஆக்குங்கள். ஆண்ட்ராய்டு 13, 14 ஃபோன்களில் அசைவைப் பார்க்க டெவலப்பர் ஆப்ஷன்ஸில் தனியாக இயக்க வேண்டும். 15இல் அது தேவையில்லை. டார்கெட் எஸ்டிகே 36க்குப் போனால், ஆண்ட்ராய்டு 16 ஃபோன்களில் நீங்கள் எழுதாவிட்டாலும் இது இயங்கிவிடும். அன்றைக்கு அவசரப்படுவதைவிட இப்போதே பழகிக்கொள்ளலாம்.

சோதிக்கும்போது மூன்று பட்டன் முறை, இழுக்கும் முறை இரண்டிலும் பாருங்கள். கணினியிலிருந்தே பேக் அனுப்ப ஏடிபி ஷெல்லில் இன்புட் கீஇவென்ட் 4 போதும். பேக்கின் எண் 4. விட்ஜெட் டெஸ்ட் எழுதுபவர்களுக்கு ஹேண்டில்பாப்ரூட் இருக்கிறது. கீபோர்டு திறந்திருக்கும்போது முதல் பேக் கீபோர்டை மூடத்தான் போகும், உங்கள் ஃபங்ஷன் ஓடாது. டயலாக் வரவில்லையே என்று அப்போது கோடைத் துழாவ வேண்டாம்.

பிற்சேர்க்கை

கமெண்டில் வந்த சில கேள்விகளுக்காக இதைச் சேர்க்கிறேன்.

ஐஃபோனில் இடது ஓரத்திலிருந்து இழுத்தால் டயலாக் வரவில்லை, திரையும் நகரவில்லை என்று கேட்டிருந்தீர்கள். கேன்பாப் ஃபால்ஸ் ஆக இருந்தால் அந்த இழுப்பையே ஃப்ளட்டர் தொடங்க விடாது, அதனால் ஃபங்ஷனும் ஓடாது. ஐஃபோனில் வேறு பேக் பட்டன் கிடையாது என்பதால் ஆப்பாரில் அம்போ மூடும் குறியோ கண்டிப்பாகத் தெரியும்படி இருக்கட்டும். டிராஃப்ட் முறைக்கு இது இன்னொரு காரணம்.

ஒரே திரையில் இரண்டு பாப்ஸ்கோப் இருந்தால் என்ன ஆகும்? ஏதாவது ஒன்று ஃபால்ஸ் சொன்னாலும் திரை போகாது, இரண்டின் ஃபங்ஷனும் ஓடும். இரண்டு டயலாக் ஒன்றன்மேல் ஒன்றாக வருவது இதனால்தான். ஒரு திரைக்கு ஒன்று போதும்.

நோட்டிஃபிகேஷனைத் தொட்டு நேராக வாடிக்கையாளர் பக்கம் திறந்தால், பேக் அழுத்தியதும் ஆப் மூடிக்கொள்கிறது என்றும் கேட்டிருந்தீர்கள். அடியில் முகப்பு இல்லாததுதான் காரணம். கோரவுட்டரில் வாடிக்கையாளர் பக்கத்தை முகப்பின் துணை ரூட்டாக எழுதி, புஷ் அல்லாமல் கோ மூலம் திறந்தால் முகப்பும் சேர்ந்தே அடுக்கப்படும். சாதாரண நேவிகேட்டரில் முதலில் முகப்பைத் திறந்து, அதன்மேல் வாடிக்கையாளர் பக்கத்தைப் புஷ் செய்ய வேண்டும்.