மூன்றாவது லாக் அழிவதற்குள்

கோத்தகிரியில் நவம்பர் மழை பிடித்துவிட்டால் கரண்ட் போனதைப் பற்றி யாரும் பேசமாட்டார்கள். எப்போது வரும் என்பதுதான் பேச்சு. அப்படி ஒரு ராத்திரி பத்து மணிக்கு, இன்வெர்ட்டர் வெளிச்சத்தில், கோவையில் ஓடும் ஒரு கிளையன்டின் ஐபிஎம் எம்கியூ கிளஸ்டரில் எரர் லாக்கைத் திறந்தேன். அப்ளிகேஷன்களுக்கு நடுவே மெசேஜ்களை வரிசையில், அதாவது கியூவில், வைத்துக் கடத்தும் சாஃப்ட்வேர் எம்கியூ; கியூக்களை நடத்துவது கியூ மேனேஜர், அவை பல சேர்ந்தது கிளஸ்டர், அவற்றுக்கு நடுவே மெசேஜ் போகும் பாதை சேனல். சேனல் நின்றது மாலை ஆறு மணிக்கு. லாக்கில் இருந்த முதல் வரியோ ஒன்பது பத்து.

யாரும் அழிக்கவில்லை. எம்கியூவின் வழக்கமே அதுதான். ஒவ்வொரு கியூ மேனேஜருக்கும் எரர் லாக் மூன்றே: 01, 02, 03. 01 நிறைந்தால் அது 02 ஆகும், 02 போய் 03 ஆகும், பழைய 03 காணாமல் போகும். இப்போதைய பதிப்புகளில் ஒன்றின் அளவு 32 எம்பி. தாராளம் என்றுதான் நானும் நினைத்திருந்தேன். அன்று ஒரு அப்ளிகேஷன் பழைய பாஸ்வேர்டை வைத்துக்கொண்டு நொடிக்குப் பத்து முறை கதவைத் தட்டியிருக்கிறது. ஒரு மறுப்புக்கு 3 கேபி என்று வைத்தாலும், ஒரு மணி நேரத்துக்குள் மூன்று ஃபைலும் சுழன்றுவிடும்.

அதனால் முதலில் கியூ மேனேஜரின் செட்டிங்ஸ் உள்ள கியூஎம் டாட் ஐஎன்ஐ ஃபைலில் 'கியூஎம்எரர்லாக்' பகுதிக்குப் போய் 'எரர்லாக்சைஸ்' மதிப்பைக் கூட்டுங்கள். 2 ஜிபி வரை போகலாம்; நான் 200 எம்பியோடு நிறுத்திக்கொள்கிறேன். அதே பகுதியில் 'சப்ரெஸ்மெசேஜ்' என்று ஒன்று உண்டு. திரும்பத் திரும்ப வரும் மெசேஜின் எண்ணைக் கொடுத்தால், குறிப்பிட்ட இடைவெளிக்கு ஒரு முறைதான் எழுதும். 'எக்ஸ்க்ளூட்மெசேஜ்' போட்டு ஒரேயடியாக வாயை அடைக்க வேண்டாம். என்றைக்காவது அந்த மெசேஜேதான் தேவைப்படும்.

அளவைக் கூட்டுவது மட்டும் போதாது. ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை கிரானில் (குறித்த நேரத்தில் வேலையைத் தானாக ஓட்டும் வசதி) ஒரு சின்ன ஸ்கிரிப்ட் ஓடட்டும்: 02 மாறியிருந்தால், கியூ மேனேஜர் பெயரும் நேரமும் சேர்த்து வேறொரு மெஷினுக்குக் காப்பி. காப்பி மட்டும்தான். ஓடிக்கொண்டிருக்கும் லாக்கைப் பெயர் மாற்றுவது, காலி செய்வது எல்லாம் வேண்டாம்.

எத்தனை நாள் வைப்பது? கிளஸ்டர் என்றால் 90 நாளுக்கு மேல். தன் கியூக்களைப் பற்றி ஒரு கியூ மேனேஜரிடமிருந்து புதுத் தகவல் வராமல் நின்றாலும், மற்றவை பழையதை வைத்துக்கொண்டே வேலை செய்யும். 30 நாளில் அது காலாவதியாகும், மேலும் 60 நாள் சலுகை. அதற்கப்புறம்தான் கியூ திடீரென்று 'இல்லை' என்று சொல்லும். கோளாறு நடந்தது மூன்று மாதம் முன்னால், கூச்சல் இன்றைக்கு. அம்மா பசுந்தேயிலை எடை ரசீதுகளை வருஷம் முழுக்க பிஸ்கட் டின்னில் போட்டு வைப்பதைக் கிண்டல் செய்திருக்கிறேன். இப்போது செய்வதில்லை.

மல்டி-இன்ஸ்டன்ஸ் (ஒரே கியூ மேனேஜர் இரண்டு மெஷினில்; ஒன்று விழுந்தால் மற்றது எடுத்துக்கொள்ளும்) வைத்திருப்பவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். கியூ மேனேஜரின் லாக் பொதுவான ஸ்டோரேஜில் இருக்கும். எந்த மெஷின் எழுதியது என்று ஒவ்வொரு பதிவின் தலைப்பிலும் 'ஹோஸ்ட்' சொல்லும். ஆனால் எஃப்டிசி ஃபைல்கள் (எம்கியூவுக்குள்ளேயே கோளாறு வந்தால் அது எழுதி வைக்கும் விவரங்கள்) அந்தந்த மெஷினின் சொந்த எரர்ஸ் ஃபோல்டரில் கிடக்கும். வேலை இரண்டாவது மெஷினுக்கு மாறியதும் எல்லாரும் அங்கேதான் தேடுவார்கள். சாட்சியோ, முதலில் விழுந்த மெஷினிலேயே இருக்கும், டிஸ்க் நிறைந்தது என்று யாராவது அதைத் துடைக்கிற வரை. ஆகவே இரண்டு பக்கமும் காப்பி எடுங்கள், ஃபைல் பெயரில் மெஷின் பெயரும் சேரட்டும்.

நேரத்தை ஒத்துப் பார்க்கும்போது, தலைப்பில் உள்ள உள்ளூர் நேரத்தை விட்டுவிட்டு 'டைம்' என்ற இடத்தில் உள்ள யுடிசியை (எல்லா மெஷினுக்கும் பொதுவான உலக நேரம்) எடுங்கள்.

அப்புறம், எதையும் ரீஸ்டார்ட் செய்வதற்கு முன் இரண்டு மெஷினிலும் 'ரன்எம்கியூராஸ்' கமாண்ட். லாக், எஃப்டிசி, கான்ஃபிகரேஷன் எல்லாவற்றையும் ஒரே மூட்டையாகக் கட்டிவிடும். எங்கள் நைட் ஷிஃப்ட் தாளில் 'ரீஸ்டார்ட்' என்ற வரிக்கு மேலே, சிவப்பு மையில், அதை என் கையாலேயே எழுதி ஒட்டியிருக்கிறேன்.