பால் பல்லில் சொத்தை: எந்த நிலையில் என்ன சிகிச்சை

"விழப்போற பல்தானே" என்று விட்டுவிடுவதால்தான் பல குழந்தைகள் கன்னம் வீங்கிய பிறகே பல் டாக்டரிடம் வருகிறார்கள். முன்பற்கள் 6, 7 வயதில் விழும், சரி. ஆனால் கடைவாய்ப் பால் பற்கள் 10 முதல் 12 வயதுவரை இருக்க வேண்டியவை. 4 வயதில் சொத்தை விழுந்தால், இன்னும் ஆறு வருடமாவது குழந்தை அந்தப் பல்லில்தான் மெல்ல வேண்டும். பால் பல்லின் எனாமல் மெல்லியது. உள்ளே நரம்பும் மேற்பரப்புக்கு அருகிலேயே இருக்கும். அதனால் சில மாதங்களிலேயே சொத்தை நரம்பைத் தொட்டுவிடும்.

மாதம் ஒருமுறை வீட்டிலேயே பாருங்கள். குழந்தையின் தலையை மடியில் வைத்து, போன் டார்ச்சை அடித்து, மேல் உதட்டைத் தூக்குங்கள். பல்லைச் சுத்தமான துணியால் துடைத்து ஈரத்தை எடுத்துவிட்டுப் பார்ப்பது முக்கியம். எச்சில் இருந்தால் ஆரம்பச் சொத்தை தெரியாது. ஈறை ஒட்டி, சாக்பீஸ் நிறத்தில் பளபளப்பில்லாத கோடு தெரிந்தால் அதுதான் தொடக்கம். மேல் முன்பற்களின் உள்பக்கத்தையும் பாருங்கள். பாட்டில் பால் குடித்தபடி தூங்கும் குழந்தைகளுக்கு அங்கேயும் சீக்கிரமே அரிக்கும். இரண்டு கடைவாய்ப் பற்கள் ஒட்டும் இடத்தில் சாம்பல் நிற நிழல் தெரிந்தால், ஓட்டை தெரியாவிட்டாலும் உள்ளே அரித்துவிட்டது என்று அர்த்தம்.

வெள்ளைக் கோடு மட்டும் இருக்கும்போது பல்லைக் குடைய வேண்டியதில்லை. அதை நிறுத்தலாம், ஓரளவு திரும்பவும் கெட்டியாக்கலாம். ஃபுளோரைடு 1000 பிபிஎம் உள்ள பேஸ்ட்டால் காலையும் இரவும் பெரியவர்களே தேய்த்துவிட வேண்டும். 3 வயதுக்குள் அரிசி மணி அளவு, 3 முதல் 6 வயதுவரை பட்டாணி அளவு போதும். டியூபின் பின்பக்கத்தைப் படித்து வாங்குங்கள். படம் போட்ட குழந்தைகள் பேஸ்ட் சிலவற்றில் ஃபுளோரைடே இருக்காது. தேய்த்தபின் துப்பினால் போதும், தண்ணீர் விட்டுக் கொப்பளிக்க வேண்டாம். இரவு தேய்த்த பிறகு தண்ணீர் தவிர எதுவும் கூடாது. சர்க்கரையோ சத்துமாவுப் பவுடரோ கலந்த பாட்டில் பால்தான் இங்கே பெரிய எதிரி. இதோடு, 3 முதல் 6 மாதத்துக்கு ஒருமுறை டாக்டரிடம் ஃபுளோரைடு வார்னிஷ் பூசிக்கொள்ளலாம். பூசும் நேரம் சில நிமிடம்தான். அன்றைக்கு மென்மையான சாப்பாடு கொடுத்து, மறுநாள் காலையில் பல் தேய்த்தால் சரி.

ஓட்டை விழுந்து வலி இல்லையென்றால் மூன்று வழிகள் உண்டு. முதலாவது, 38 சதவீத சில்வர் டயமின் ஃபுளோரைடு. ஊசி, டிரில் எதுவும் வேண்டாம். பல்லை உலர்த்தி இந்த மருந்தில் ஒரு துளியைத் தடவினால் சொத்தை பரவுவது பெரும்பாலும் நிற்கும். நாற்காலியில் அடங்கி உட்காராத 2, 3 வயதுக் குழந்தைக்கு இது பெரிய உதவி. ஆனால் சொத்தைப் பகுதி நிரந்தரமாகக் கறுத்துவிடும். இதை முன்பே கேட்டுத் தெரிந்துகொள்ளாத பெற்றோர் பிறகு பதறுகிறார்கள். உதட்டில் பட்ட கறை ஒன்றிரண்டு வாரத்தில் போய்விடும். 6 மாதத்துக்கு ஒருமுறை திரும்பத் தடவ வேண்டும். வெள்ளி ஒவ்வாமை இருந்தாலும், நரம்பு பாதிக்கப்பட்டிருந்தாலும் இது ஆகாது.

இரண்டாவது, சிமென்ட் ஃபில்லிங். மெல்லும் பரப்பில் உள்ள சிறிய ஓட்டைக்கு நன்றாக நிற்கும். இரண்டு கடைவாய்ப் பற்களுக்கு இடையே வைத்தால் அடிக்கடி உடைந்து விழும். பிடித்து நிற்க அங்கே சுவர் இல்லை. அப்படிப்பட்ட பல்லுக்கு மூன்றாவது வழியான ஸ்டீல் கேப்தான் எங்கள் தேர்வு. ஹால் முறையில் இதைக் குடையாமலே போடலாம். பற்கள் நெருக்கமாக இருந்தால் இடையில் சிறு ரப்பர் வளையத்தைச் செருகி, 3 முதல் 5 நாள் விட்டு இடம் உண்டாக்குவார்கள். பிறகு சரியான அளவு கேப்பில் சிமென்ட் நிரப்பி, அழுத்தி உட்காரவைப்பார்கள். உள்ளே அடைபட்ட கிருமிக்குச் சர்க்கரை கிடைக்காது. சொத்தை அப்படியே நின்றுவிடும். முதலில் கடி உயரமாகத் தெரியும், சில வாரத்தில் தானே சரியாகும். பல் விழும்போது கேப்பும் சேர்ந்தே விழும்.

வலி எப்போது வருகிறது என்பதைக் கவனித்துச் சொன்னால் டாக்டருக்குப் பாதி வேலை முடிந்த மாதிரி. இனிப்பு தின்னும்போது கூசி உடனே நின்றால் நரம்பு பெரும்பாலும் பிழைத்திருக்கும். தூக்கத்தில் எழுந்து அழுதாலோ, ஈறில் சீழ்க்கொப்புளம் தெரிந்தாலோ ஃபில்லிங், ஹால் கேப் இரண்டும் வேலைக்காகாது. எக்ஸ்ரே எடுத்து, நரம்பின் மேல்பகுதியை மட்டும் நீக்குவதா, வேர்வரை சுத்தம் செய்வதா என்று முடிவெடுப்பார்கள். வேருக்குள் நிரப்புவது தானே கரையும் பேஸ்டாக இருக்க வேண்டும். பெரியவர்களுக்கு வைக்கும் பொருள் கரையாமல் நின்று, கீழிருந்து வரும் பல்லின் வழியை மறித்துவிடும். இந்த நரம்பு சிகிச்சை முடிந்த பல்லின் மேலும் கேப் போடுவது அவசியம். காப்பாற்ற முடியாமல் கடைவாய்ப் பல்லை எடுத்தால், இடம் காக்கும் கம்பி வேண்டுமா என்று கட்டாயம் கேளுங்கள். பக்கத்துப் பல் சாய்ந்து வந்தால் நிரந்தரப் பல்லுக்கு இடமிருக்காது.

மரத்துப்போகும் ஊசி போட்டிருந்தால் இரண்டு மூன்று மணி நேரம் குழந்தை உதட்டைக் கடிக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். மரத்த உதட்டை மென்று புண்ணாக்கிக்கொள்வது சாதாரணமாக நடக்கிறது.

டாக்டரைப் பார்க்கும்வரை வலிக்குப் பாராசிட்டமால் கொடுக்கலாம்: கிலோவுக்கு 15 மில்லிகிராம், 6 மணி நேர இடைவெளியில், நாளுக்கு நான்கு முறைக்கு மேல் கூடாது. 10 கிலோ குழந்தைக்கு 150 மில்லிகிராம். 5 மில்லியில் 250 உள்ள சிரப் என்றால் 3 மில்லி, 125 உள்ளது என்றால் 6 மில்லி. பாட்டிலைப் பார்க்காமல் ஊற்றாதீர்கள். ஆஸ்பிரின் வேண்டாம், கிராம்புத் தைலம் வேண்டாம், ஈறு வெந்துவிடும். பல்லில் புழு இருப்பதாகக் கண்டங்கத்தரி விதைப் புகை பிடிப்பதும் வேண்டாம், சொத்தையில் புழுவே கிடையாது. ஆன்டிபயாட்டிக் மட்டும் கொடுத்தால் வீக்கம் வடிந்து திரும்ப வரும். காரணமான பல் அப்படியே இருக்கிறதே. காய்ச்சலோடு முகம் வீங்கினாலோ, கண் மூடும் அளவுக்கு வீக்கம் ஏறினாலோ, விழுங்கவோ வாய் திறக்கவோ முடியாவிட்டாலோ இரவானாலும் மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.

சிகிச்சை முடிந்த வாயை 3 முதல் 6 மாதத்துக்கு ஒருமுறை காட்டுங்கள். 6 வயதை ஒட்டி, எந்தப் பல்லும் விழாமலே கடைசிப் பால் பல்லுக்குப் பின்னால் ஒரு பெரிய பல் முளைக்கும். அது நிரந்தரப் பல். அதன் மேல்பள்ளங்கள் ஆழமாக இருந்தால், முழுதாக வெளியே வந்ததும் சீலன்ட் போட்டு அடைத்துக்கொள்ளலாம்.