“ஊசி இல்லை” என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள்: இங்கிலாந்து கிளம்பும் வேலூர்க்காரர்களுக்கு

இங்கிலாந்திலிருந்து லீவில் காட்பாடி வந்திருக்கிறேன். எதிர்வீட்டுத் தம்பி அடுத்த மாதம் குடும்பத்தோடு லண்டன் கிளம்புகிறார். “அக்கா, அங்கே குழந்தைக்கு உடம்புக்கு வந்தால் என்ன செய்றது?” என்று கேட்டார். அவருக்குச் சொன்னதைத்தான் எழுதுகிறேன்.

வீடு பார்த்த கையோடு ஜிபி கிளினிக்கில், அதாவது அந்த ஏரியா குடும்ப டாக்டரிடம், பதிந்துவிடுங்கள். சந்தேகத்துக்கு 111க்கு போன் போடுங்கள், உயிர் போகிற அவசரத்துக்கு 999. விசாவோடு ஹெல்த் சர்சார்ஜ் என்று மருத்துவத்துக்கான கட்டணமும் கட்டியிருப்பீர்கள். வேலை விசாவில் பெரியவருக்கு ஆண்டுக்கு 1,035 பவுண்டு, பிள்ளைக்கு 776. அதனால் ஆஸ்பத்திரியில் பில் கவுண்டரைத் தேட வேண்டாம். தமிழ் மொழிபெயர்ப்பாளர் கேட்டால் இலவசமாகத் தருவார்கள்.

சரி, நான் சூடு வாங்கின கதைக்கு வருகிறேன். பையனுக்கு அப்போது ஏழு வயது. வயிற்றுவலி, குடல்வாலோ என்று சந்தேகம். அங்கே ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியெல்லாம், “ஊசியெல்லாம் இல்ல நைனா, டாக்டர் தொட்டுப் பார்த்துட்டு அனுப்பிடுவாங்க” என்று சொல்லிக்கொண்டே போனேன். வேலூரில் சிஎம்சி ஆஸ்பத்திரிப் பக்கம் ஆற்காடு ரோட்டில் அரை மணி நேரம் நின்றால் இதே வசனம் தமிழிலும் தெலுங்கிலும் வங்காளத்திலும் காதில் விழும்.

நர்ஸ் என்னிடம் பேசவே இல்லை. அவன் உயரத்துக்கு முட்டி போட்டு உட்கார்ந்து, “கையில் சின்னக் குழாய் வைக்கணும். ஊசியால்தான் வைப்போம், கொஞ்சம் வலிக்கும்” என்றார். அவன் நர்ஸைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தான். அப்புறம் கட்டிலுக்கடியில் புகுந்துகொண்டான்.

“நான் பிடிச்சுக்கிறேன், போடுங்க” என்றேன். ஊரில் நாலு பேர் கைகாலை அமுக்கினால் ஒரு நிமிஷ வேலை. அங்கே அமுக்கிப் பிடிப்பது கடைசி வழி. பிள்ளைகளோடு விளையாடியே பயம் தெளிய வைக்க ஒரு ஆள் இருக்கிறார். அவர் வந்து ஒரு பொம்மையின் கையில் அதே குழாயை மாட்டிக் காட்டினார். பிறகு இவன் கையில் மரத்துப்போகும் களிம்பைத் தடவி முக்கால் மணி நேரம் காத்திருந்தோம். இவ்வளவு செல்லம் எதற்கு என்று எனக்கு எரிச்சல். நர்ஸுக்கு அவசரமே இல்லை. என் பொய்யால்தான் இத்தனை நேரம் என்பது பிற்பாடுதான் உறைத்தது.

ஆஸ்பத்திரியில் இருக்கும் பிள்ளைகளுக்காக 1988இல் ஹாலந்தின் லெய்டனில் எழுதிய பத்து அம்சச் சாசனம் ஒன்று உண்டு. ஆஸ்பத்திரியில் நடப்பதைப் பிள்ளையின் வயதுக்குப் புரிகிற மாதிரி அதனிடமே சொல்ல வேண்டும் என்கிறது. இங்கிலாந்துச் சட்டப்படி 16 வயது ஆனால் சிகிச்சைக்குப் பிள்ளையே சம்மதம் தரலாம். அதற்குக் கீழும் நன்றாகப் புரிந்துகொள்ளும் பக்குவம் இருந்தால் தரலாம் என்று அங்கே 1985இலேயே தீர்ப்பு வந்துவிட்டது. அதனால் உங்கள் பதினாலு வயசுப் பெண்ணிடம் டாக்டர் தனியாகப் பேசணும் என்றால் முகம் சுளிக்காமல் வெளியே போங்கள்.

பெற்றோரைப் பக்கத்திலேயே இருக்க விடணும் என்றும் அந்தச் சாசனத்தில் இருக்கிறது. அது மட்டும் நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம். பாயும் பிளாஸ்க்குமாக ஒரு குடும்பமே வராண்டாவில் கிடக்கிற ஊர் நம்முடையது. அந்த ராத்திரி அவன் கட்டில் பக்கத்தில் தனியாக உட்கார்ந்திருந்தபோது என் அம்மா ரசம் சாதம் கொண்டு வந்திருக்கக் கூடாதா என்று இருந்தது.

போன வாரம் இங்கே அவன் ஆணியை மிதித்துவிட்டான். கிளினிக்கில் கம்பவுண்டர், “வலிக்கவே வலிக்காது கண்ணு” என்றார். இவன் என் பக்கம் திரும்பி, “வலிக்குமா?” என்றான்.

“வலிக்கும்” என்றேன். கம்பவுண்டர் என்னை முறைத்தார். இவன் சட்டைக் கையை மேலே சுருட்டிக்கொண்டான்.