படகைக் கட்டி நிறுத்த இடம் வேண்டுமா? காலை 10 மணிக்கே கூப்பிடுங்கள்

அமெரிக்காவின் மெய்ன் கடற்கரைச் சிறு துறைமுகங்களுக்குப் பாய்மரப் படகில் போகிறவர்கள், சாயங்காலம் போய்ச் சேர்ந்தபின் இடம் தேடாதீர்கள். காலை 10, 11 மணிக்கே ஹார்பர் மாஸ்டரை, அதாவது துறைமுகப் பொறுப்பாளரை, தொலைபேசியிலோ படகு ரேடியோவின் (விஎச்எஃப்) 16-ஆம் சேனலிலோ கூப்பிட்டு, படகின் நீளத்தையும் எடையையும் சொல்லி ஒரு மூரிங், அதாவது அடியில் கல்லோடு சங்கிலியால் பிணைத்த, படகு கட்டும் மிதவை கேளுங்கள்.

முந்தின இரவு தங்கியவர்கள் கிளம்பும் நேரம் அது. எந்த உள்ளூர்க்காரர் படகை எடுத்துக்கொண்டு வெளியூர் போயிருக்கிறார் என்பதும் ஹார்பர் மாஸ்டருக்குத்தான் தெரியும். அப்படிப் போனவரின் மிதவையை ஒரு இரவுக்கு உங்களுக்கு ஒதுக்கித் தரலாம். வெள்ளையில் நீலப் பட்டை போட்ட மிதவை காலியாக ஆடுகிறதே என்று நீங்களாகக் கட்டிவிடாதீர்கள். சிங்கி இறால் பிடிக்கப் போனவர் மதியம் திரும்பி வந்து நிற்பார். அடியில் கிடக்கும் கல்லும் சங்கிலியும் உங்கள் படகின் எடையைத் தாங்குமா என்பதும் மேலிருந்து தெரியாது.

படகுத்துறையிலேயே கட்டுவதானால், வற்றத்தின்போது அங்கே எத்தனை அடி தண்ணீர் நிற்கும் என்று மறக்காமல் கேளுங்கள். அங்கே நீர்மட்டம் சுமார் 3 மீட்டர், சில இடங்களில் அதற்கும் மேல், ஏறி இறங்கும்.

ஜூலை, ஆகஸ்ட் வார இறுதிகளில் இது பலிக்காது. அப்போது பல நாள் முன்பே பதிவு செய்ய வேண்டும்.